நூற்றுக்குள் அடங்காதவள்

தலைமையாசிரியர் அறையில் கூடியிருந்தவர்கள்: தலைமையாசிரியர் ஞானதுரை, கணக்கு வாத்தியார் விஜய்ராஜ், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஜோதிலட்சுமி, பத்தாம் வகுப்பு அனுசுயா, அவளைப் பெற்ற மொக்கம்மாள். பெரியவர்களில் மொக்கம்மாளுக்கு மட்டும் நாற்காலி போடவில்லை.

குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களோடு போகும் விடிகாலை ஜீப்பை விட்டுவிட்டு வந்தவள் அவள். நின்றுகொண்டே இருந்தாள்.

ஞானதுரை ஒரு தாளைத் தள்ளினார். சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்பதாக டைப் அடித்திருந்தது. பக்கத்தில் மைப்பெட்டியும் தயார்.

"கைநாட்டு வச்சிட்டுப் போம்மா. பிள்ளை தனித்தேர்வரா எழுதட்டும்."

"இங்கன உக்காந்து எழுதுனா பெஞ்சு தேஞ்சு போகுமா சாரு?"

போன வருஷம் பத்தாம் வகுப்பில் பதினொரு பேர் பெயில். மாவட்டக் கூட்டத்தில் ஞானதுரையை எழுப்பி நிறுத்தி விளக்கம் கேட்டார்கள். அதிலிருந்து நூறு சதவீதத் தேர்ச்சி என்ற வெறி. காலாண்டில் நாலு பாடத்தில் விழுந்த அனுசுயா அந்த நூற்றுக்குள் வரவில்லை.

"ஒன் மகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே வரலை" என்றார் ஞானதுரை.

"சுத்தம்" என்றார் விஜய்ராஜ், செல்போனிலிருந்து தலை தூக்காமல்.

"ஊரு பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப்போகும் மதினி, வச்சு விடுங்க" என்றாள் ஜோதிலட்சுமி.

"ஒன் மூத்த மகளத் தேனியில இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல போட்டுட்டு, நீ ஊருப் பேரப் பேசுறியாக்கும்?"

மொக்கம்மாள் பையிலிருந்து மகளின் பழைய தேர்ச்சி அட்டைகள் மூன்றை எடுத்தாள். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது. ஜீப் ஓட்டும் சுருளியை வாசிக்கச் சொல்லி, எந்த வரி எங்கே என்று விரலால் பழகி வந்திருந்தாள்.

"இது ஆறு, இது ஏழு, இது எட்டு. 'வாசித்தல்: வகுப்புக்குரிய திறனை அடைந்துவிட்டார்.' கீழ யாரு கையெழுத்து?"

ஞானதுரையுடையதுதான். திறன் அடையாத பிள்ளை இருந்தால் அப்போதும் மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் வருஷா வருஷம் ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் 'அடைந்துவிட்டார்' போட்டார்கள்.

"அன்னைக்கு எழுதுனது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? ஏதாச்சும் ஒண்ணு பொய்யின்னு எழுதிக் குடுங்க. நான் கைநாட்டு வைக்கிறேன்."

ஞானதுரை அட்டையைப் பறிக்கக் கை நீட்டினார்.

"கிழிங்க. சுருளி போன்ல படம் புடிச்சு வச்சிருக்கான்."

விஜய்ராஜ் செல்போனைக் கீழே வைத்தார்.

"சரி, இருந்து தொலையட்டும்" என்றார் ஞானதுரை. "காலை ஏழரையிலருந்து ராத்திரி ஏழு வரைக்கும் மெல்லக் கற்போர் வகுப்பு. ஞாயித்துக்கெழமையும் உண்டு. இப்பவே கூட்டிட்டுப் போங்க விஜய்ராஜ்."

"என்னைய யாராச்சும் கேட்டீகளா?" என்று முனகினாள் அனுசுயா.

"கேட்டா என்ன சொல்லியிருப்ப? நட" என்றாள் மொக்கம்மாள்.

வராந்தாக் கடைசியில் பழைய ஆய்வகம். உள்ளே ஐந்து பிள்ளைகள், ஆளுக்கொரு நோட்ஸ் புத்தகம். வாத்தியார் யாரும் இல்லை.

"பாடம் யாரு நடத்துறாக?" என்றாள் மொக்கம்மாள்.

"மனப்பாடம் பண்ணுனாப் போதும். தொறந்து வச்சா ஓடிருதுக" என்ற விஜய்ராஜ், அனுசுயா உள்ளே போனதும் கதவைச் சாத்திப் பூட்டினார்.