டி டிரைவுக்கு விலக்கு

என் கணவர் ஜோயலுக்குப் பொறுமை கிடையாது. என் தம்பி ஜோஷ்வாவுக்கு மூளை கிடையாது. இருவருக்கும் சேர்த்து வீட்டில் இருந்தது ஒரே லேப்டாப்.

ஜோயல் கேளம்பாக்கத்து ஃப்ளாட்டில் இருந்தபடியே சாஃப்ட்வேர் எழுதுகிறவர். ஜோஷ்வா மாமல்லபுரம் கடற்கரையில் ஜோடிகளை நிற்கவைத்துப் படம் பிடிப்பவன். அவன் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதால், அவன் எடுத்த முதல் கல்யாணப் படங்கள் எங்கள் லேப்டாப்பின் டி டிரைவில் இருந்தன. எங்கள் சபையைச் சேர்ந்த சிநேகாவின் கல்யாணம். ஆர்டர் வாங்கிக் கொடுத்தவள் நான். கல்யாணம் முடிந்த மறுவாரமே அவள் அப்பா ஞானதாஸ் மாரடைப்பில் போய்விட்டார். போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர், மகள் கல்யாணத்தில் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரித்திருந்தார். வீட்டில் மாட்ட அந்தப் படத்தைத்தான் கேட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை ஜோயல் மேசையைக் குத்தினார்.

"இன்னா எழவு இது! ஒரு வரி மாத்திட்டு ரன் பண்ணா, டீ குடிச்சிட்டு வந்தாலும் ஓடிக்கினே கீது. ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலா மோந்து பாத்துகினு கீது."

புராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் சோதிக்காதே என்று ஆன்டிவைரஸில் விலக்குக் கொடுத்தால் போதுமாம். அவரே சொன்னார். ஆனால் அவர் புராஜெக்டுகள் டி டிரைவில் மூலைக்கொன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தேட யாருக்குப் பொறுமை? டிரைவ் மொத்தத்துக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார். வேலை பறந்தது. மனுஷன் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கப் போனார்.

மதியம் ஜோஷ்வா வந்து உட்கார்ந்தான். ஆல்பம் செய்கிற சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்க மாட்டான். திருட்டுக் காப்பியை எங்கிருந்தாவது டி டிரைவில் இறக்குவான், வைரஸ் இருக்கிறதென்று ஆன்டிவைரஸ் உடனே அழித்துவிடும். எத்தனையோ தடவை நடந்த கூத்து. அன்றைக்கு மட்டும் அழியவில்லை.

"அக்கா! ஓப்பன் ஆயிடிச்சி! ஸ்தோத்திரம்!"

கொஞ்ச நேரத்தில் அவன் குரல் மாறியது. "இன்னாக்கா இது..."

படங்களின் பெயர்கள் எங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. திருட்டுக் காப்பியோடு வந்த வைரஸ் ஒவ்வொரு படமாகப் பூட்டிக்கொண்டிருந்தது. ஜோயல் ஓடி வந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். திரும்பப் போட்டுப் பார்த்தால் ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

"கேமரா கார்டுல கீதாடா?"

"அத அழிச்சிட்டு, அதுலயே வேற ஷூட் எடுத்துட்டேன்க்கா."

ஜோயல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை, என் புரோகிராம் பூரா ஆபீஸ் சர்வர்ல கீது."

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் ஒரு வார்த்தை தடித்துப் பேசியதில்லை. அன்றைக்குக் கையையே ஓங்கிவிட்டேன்.

அதற்குள் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் சிநேகா.

"அக்கா, ஆல்பம் மெதுவா வரட்டும். அப்பா சிரிக்கிற படம் ஒண்ணு மட்டும் இப்ப குட்தா போதும். அம்மா அழுதுகினே கீது. வர்ற வழியில ஃபிரேம்கூட வாங்கிட்டேன்."

பையிலிருந்து ஃபிரேமை எடுத்து என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். உள்ளே ஜோயல் லேப்டாப்பை மூடுகிற சத்தம் கேட்டது.