முதலில் இறங்கும் நிழல்

அந்த விமான நிலையத்தில் விமானம் வருவதற்கு முன்பே அதன் நிழல் வந்து இறங்கிவிடும். ஒரு டம்ளர் தேநீர் ஆறுகிற நேரம்தான் இடைவெளி. வெயிலோ மேகமோ, நிழல் மட்டும் தனியாக ஓடுபாதையைத் தொட்டு, வேகம் குறைந்து, வளைந்து, தன் இடத்தில் போய் நிற்கும். பிறகு விமானம் வந்து அதே தடத்தில் ஓடி, தன் நிழல்மேல் நின்றுகொள்ளும். ராணுவத்துக்கும் பயணிகளுக்கும் பொதுவான நிலையம் என்பதால் உள்ளே படம் எடுக்கத் தடை. ஆகவே வெளியூரில் எவரும் இதை நம்பவில்லை. உள்ளே வேலை பார்த்தவர்களுக்கோ இது ஒரு வசதி, அவ்வளவுதான். நிழல் நிற்கும் இடத்தைப் பார்த்து, பயணிகள் இறங்கும் படிக்கட்டு வண்டியை முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.

ஓடுபாதை ஒன்றுதான். அதற்கு வடக்கே போர் விமானக் கொட்டகைகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும். தெற்கே பயணிகள் கூடமும், பெட்டிகள் சுற்றிவரும், பாதி நாள் ஓடாத பட்டையும். இரண்டுக்கும் எல்லையாக ஒரு மஞ்சள் கோடு. போர் விமானிகள் பேசும் அலைவரிசை வேறு, பயணி விமானிகள் பேசும் அலைவரிசை வேறு. இரண்டும் கேட்பது கோபுரத்தில் மட்டும். படிக்கட்டு வண்டியை ஓட்டியவளை இரு பக்கத்தாரும் படிக்கட்டு அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் கணவர் தெற்குப் பக்கம் பயணி விமானத்தின் கேப்டன். அவள் தம்பி வடக்குப் பக்கம் போர் விமானி. அவள் பிரசவ வலியில் கிடந்த அன்று, போர் விமானங்களுக்கே முன்னுரிமை என்ற விதிப்படி தம்பி முதலில் இறங்கினான். கேப்டன் மேலே சுற்றிக்கொண்டே இருந்தார். குழந்தையை முதலில் கையில் வாங்கியது மாமன்காரன். அப்பா வந்தபோது குழந்தை தூங்கிப்போயிருந்தது. அன்று இரு ஆண்களுக்கும் நடுவே நின்ற பேச்சு, அந்தப் பெண்குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகும் தொடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு உன் தம்பியை." "உப்பு தீர்ந்துபோச்சுன்னு அத்தான்கிட்ட சொல்லுக்கா." நடுவில் உட்கார்ந்து இரண்டையும் கடத்தியே அவளுக்குத் தொண்டை கட்டியது.

ஒரு பயிற்சி நாளின் பிற்பகலில் கணவருடைய விமானத்தின் நிழல் வந்து இறங்கியது. அவள் வண்டியைக் கிளப்பினாள். அதே நொடியில் ஒரு போர் விமானத்தின் நிழல் பின்னாலேயே வந்து, அதன்மேல் விழுந்து, இரண்டும் ஒன்றாகிப் போயின. தீயணைப்பு வண்டிகள் ஊளையிட்டுக்கொண்டு பறந்தன. பெட்டி தூக்குகிறவர்தான் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார்: கேப்டனின் இடது எஞ்சின் அணைந்துவிட்டது, தம்பியின் விமானத்தில் எரிபொருள் அடிமட்டத்தில் இருக்கிறது, இன்னொரு சுற்றுக்கு இருவரிடமும் சக்தி இல்லை. இந்த நிலையத்தில் ஒரு நிழல்கூடப் பொய்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஸ்டியரிங்கை வடக்கே, கோபுரத்தை நோக்கி ஒடித்தாள்.

மஞ்சள் கோட்டில் காவலர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார். "அக்கா, பாஸ்?"

"என் வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் மேல தொங்கிட்டிருக்காங்க. நீ பாஸ் கேக்குற."

காவலர் தடுப்பைத் தூக்கினார். கோபுரத்தின் மின்தூக்கி வழக்கம்போல் பழுது. கோபுரமும் அப்படியொன்றும் உயரமில்லை. அவள் வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, படிக்கட்டை முழுக்க நீட்டி, பால்கனி வழியாக உள்ளே குதித்தாள். கோபுர அதிகாரி இரு கையிலும் இரண்டு மைக்குகளோடு வேர்த்து நின்றார். வெளியே பார்க்கச் சொல்லிக் கை காட்டினார். ஒன்றான நிழல் உடையவில்லை, சிதறவில்லை. பத்திரமாக ஓடிப்போய், விமானம் நிற்க வேண்டிய இடத்தில் சமர்த்தாக நின்றிருந்தது.

"மோதினா இப்படி வந்து நிக்காதும்மா," என்றார் அதிகாரி. "ஒண்ணு மேல ஒண்ணு உக்காருது. ஆனா ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்களே."

அவள் மைக்குகளைப் பிடுங்கினாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட கேப்டன், "மெதுவா உக்காரச் சொல்லு அவனை," என்றார். அவள் சொன்னாள். "ஆட்டாம ஓட்டச் சொல்லுக்கா," என்றான் தம்பி. அதையும் சொன்னாள். ஒரு வார்த்தை போய் ஒரு வார்த்தை வருவதற்குள் ஓடுபாதை இருவருக்கும் கீழே நெருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மேஜை அப்படியே ஆகாயத்துக்குப் போயிருந்தது.

"போதும்," என்றாள். "இனிமே நான் நடுவுல இல்ல." தம்பியின் மைக்கைக் கணவரின் ஒலிபெருக்கிமேலும், கணவரின் மைக்கைத் தம்பியின் ஒலிபெருக்கிமேலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கரகரப்பு. மூச்சு. பிறகு கேப்டனின் குரல்: "மச்சான்."

"சொல்லுங்க அத்தான்."

"இடது பக்கம் சாயுது. வலது ஓரமா உக்காரு."

"உக்காந்துட்டேன் அத்தான். தெரியுதா?"

"முதுகு வலிக்குதுடா. அசையாத."

எருமை முதுகில் கரிச்சான் குருவி இறங்குவதுபோல் போர் விமானம் பயணி விமானத்தின் மேல் இறங்கியிருந்தது. கூரையில் என்ன சத்தம் என்று ஒரு பயணி கேட்க, பணிப்பெண், "மேல ஒருத்தர் ஏறியிருக்கார் சார், பெல்ட்டைப் போட்டுக்குங்க," என்றாள். சக்கரங்கள் புகைந்தன, இறக்கைகள் நிமிர்ந்தன, ஓடுபாதையின் கடைசிக் கல்வரை ஓடி, வளைந்து, இரட்டை விமானம் தன் நிழல்மேல் வந்து கச்சிதமாகப் பொருந்தியது. பயணிகள் கைதட்டி முடித்து வெகுநேரம் கதவருகே காத்திருக்க வேண்டியதாயிற்று. படிக்கட்டு கோபுரத்தில் சாய்ந்திருந்தது.

வண்டி திரும்பி வந்த பிறகும் தம்பிக்கு இறங்க வழியில்லை. சுண்ணாம்பு அடிக்கிறவர்களின் ஏணியை வாங்கிப் படிக்கட்டின் உச்சியில் கயிற்றால் கட்டினார்கள். அவன் தரைக்கு வந்ததும் கேப்டனிடம் நேராகப் போய், முதலில் இறங்கியது தான்தான் என்றான். "நீ தொட்டது என் முதுகை. தரையைத் தொட்டது நான்," என்றார் அவர். உங்கள் சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்பே என் சக்கரம் உங்கள் முதுகைத் தொட்டாயிற்று என்றான் அவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே வாக்குவாதம்தான். ஆனால் சுடச்சுட, நேருக்கு நேர். வாக்குவாதத்தின் நடுவே உப்பு கைக்குக் கை மாறியதை மகள்தான் முதலில் கவனித்தாள். அக்கா வாயைத் திறக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.

அதற்குப் பிறகு எரிபொருள் தீரும் போர் விமானங்கள் அவசரமென்றால் பயணி விமானத்தின்மேல் உட்கார்ந்து வருவது அங்கே வாடிக்கையாகிவிட்டது. கேப்டன்கள் முதுகைக் கொஞ்சம் வலது பக்கமாகக் காட்டுவார்கள். ஏணி இப்போது படிக்கட்டு வண்டியோடேயே இருக்கிறது. வந்து இறங்குகிற நிழல் வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தால், படிக்கட்டு அக்கா தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஏணியைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்க ஆரம்பிப்பாள்.