சீனி போடாத தேத்தண்ணி

"2024 ஓகஸ்ட் 13. இன்சுலின் போட்டுவிட்டுப் பாதிப் பிட்டோடு எழும்பிவிட்டேன். பிழை என்னுடையது."

இவ்வளவும் எழுதிய வேணுஜாவுக்கு, பிழை அது மட்டுந்தானா என்று சந்தேகம் வந்தது.

கோப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் வரை சோளகக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்ததில், இரத்தத்தில் இருந்த கொஞ்சச் சர்க்கரையும் கரைந்துவிட்டது. மாலை வகுப்பில் போய் இருந்தபோது கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. பக்கத்தில் இருக்கும் மதுரா அதைக் கண்டு தேத்தண்ணி வாங்கிவந்தாள்.

"குடியடி. உனக்கெண்டு சீனி போடாமல் வாங்கினனான்."

இனிப்புப் பிடிக்காது என்று ஒரு வருடமாகச் சொல்லிவந்தவள் வேணுஜாதான். நீரிழிவு என்றால் பாவம் பார்ப்பார்களே என்ற பயம்.

"இண்டைக்குச் சீனி வேணும்."

"ஏன், விரதம் முடிஞ்சுதோ? அப்ப என்ரையைக் குடி." மதுரா சிரித்தபடி தன் கோப்பையை நீட்டினாள்.

குடித்ததும் நடுக்கம் மெல்ல அடங்கியது. ஆனாலும் உண்மை வாயில் வரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் தனியாகவே மிதித்தாள்.

இப்போது டயறியில் அடுத்த வரியை எழுதினாள்: "நாளை பிட்டை முழுதாகச் சாப்பிட வேண்டும். எனக்கு நீரிழிவு என்று மதுராவிடம் சொல்ல வேண்டும்."