தம்பிக்குக் கொடுத்த பெண்

பிணவறை ஊழியர் துணியை நெஞ்சுவரை இறக்கி, "ஒம் மகதானம்மா?" என்று கேட்டார். இருளம்மாள் தலையை ஆட்டினாள். பாண்டிச்செல்வியின் முகத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. இரண்டு கைகளையும் எடுத்துப் பார்த்தாள். நகத்தோரம் பசை காய்ந்திருந்ததே தவிர, ஒரு விரலும் கருகவில்லை. "கொஞ்சம் திருப்புங்கய்யா" என்றாள். வெந்துபோன முதுகைப் பார்த்த பிறகு அவளுடைய அழுகை நின்றுபோயிற்று.

இருபத்திரண்டு வருஷமாக விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வேலை பார்க்கிறவள் அவள். தீப்பிடித்த பெண்களில் எத்தனை பேரைத் தூக்கி வேனில் ஏற்றியிருக்கிறாள்! திரிக்கட்டை மடியில் போட்டுக்கொண்டுதான் எவளும் உட்காருவாள். பற்றினால் முதலில் கை போகும், அப்புறம் நெஞ்சும் முகமும். முதுகுக்குத் தீ வருவது கடைசியில்தான். இது வேலைக்கு வந்த பத்தாம் நாளே தெரிந்துபோகிற சங்கதி. மாப்பிள்ளை மாரிக்கண்ணனுக்கு மட்டும் தெரியவில்லை, பாவி. லோடு வண்டி ஓட்டுகிறவன். வெடிமருந்தில் ஒருநாளும் கை வைத்ததில்லை. 'சீசன் ஆர்டர், வீட்டுல வச்சு சரம் பின்னுனா, திரி பத்திக்கிருச்சு' என்று போலீஸில் சொல்லியிருந்தான். திருத்தங்கலில் அவன் தெருவே அதை நம்பியது. இந்தப் பக்கத்தில் ஒருத்தி தீயில் செத்தால் பட்டாசு என்று சொன்னால் போதும், அதற்குமேல் யாரும் தோண்டுவதில்லை.

அவனை மருந்தில் கை வைக்க விடாதவளும் இருளம்மாள்தான். அவன் மாப்பிள்ளை மட்டுமா? கூடப்பிறந்த தம்பி. அம்மா சாகும்போது அவனுக்கு நாலு வயது, இவளுக்குப் பதினைந்து. இடுப்பிலேயே வைத்து வளர்த்தாள். "இந்தக் கருமம் என்னோட போகட்டும், நீ வண்டி ஓட்டுலே" என்று லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தாள். மகளுக்கு இருபது வயதானபோது வெளியில் மாப்பிள்ளை வந்தது. இவள்தான் மறித்தாள். முன்பின் தெரியாதவனுக்குக் கொடுத்துவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பானேன், தாய்மாமன் என்றால் கைநீட்ட மாட்டான் என்றாள். நீட்டமாட்டானாம்!

நாலு வருஷத்தில் மூன்று தடவை பாண்டிச்செல்வி பையோடு பஸ் ஏறி வந்தாள். மூன்றாவது தடவை கழுத்தைக் காட்டினாள். ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"யம்மா, மாமா என்னையக் கொன்னுருவாக."

"ஏ கூறுகெட்டவளே, எந்தம்பியப் பத்தி எங்கிட்டயே சொல்லுதியா? அவன் கோவக்காரன். நீ வாய அடக்கு."

மறுநாள் இவளே கூட்டிக்கொண்டு போய் விட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மகள் சொன்னாள்: "வேற எவனுக்காச்சும் குடுத்திருந்தா எனக்குன்னு ஒரு அம்மா இருந்திருப்பா. நீ எனக்கு நாத்தனாவாத்தான இருக்க." அது நடந்து பத்தொன்பது நாள் ஆகிறது.

பிணவறைக்கு வெளியே, இருளம்மாளின் இறந்துபோன புருஷனுக்கு அண்ணன் சங்கையா காத்திருந்தார். "ஏத்தா, கல்யாணமாகி ஏளு வருசம் ஆகலைல்லா, அதான் ஆர்.டி.ஓ. வந்திருக்காக. சந்தேகம் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. போனவ போயிட்டா. இருக்கவனையும் உள்ள தள்ளிட்டு நீ யாரு மூஞ்சியப் பாத்து இருக்கப் போற?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவளுக்கு உலகத்தில் இருந்ததே அந்த இரண்டு பேர்தான்.

மாரிக்கண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அந்த அழுகை நடிப்பில்லை என்பது வளர்த்தவளுக்குத் தெரியாதா?

"யக்கா, நேத்துலருந்து பச்சத்தண்ணி குடிக்கலயே. இதக் குடிக்கா."

அவள் டம்ளரை வாங்கவில்லை. "ஏலே மாரி, திரி எங்கன இருந்துச்சு?"

"மடியிலதான்க்கா. எப்பவும் போல."

"யோசிச்சுச் சொல்லு."

"எங்கண்ணால பாத்தேன்க்கா."

அவன் தயங்கிக்கூடச் சொல்லவில்லை. சின்ன வயதில் அவன் சொன்ன பொய்களையெல்லாம் இவள் நம்பியிருக்கிறாள், அந்தப் பழக்கம் அவனுக்கு.

ஆஸ்பத்திரியிலேயே ஓர் அறையில் விசாரணை நடந்தது. ஆர்.டி.ஓ. ஓர் இளம்பெண். பேர், ஊர், கல்யாணத் தேதி எல்லாம் எழுதிக்கொண்டு, "உங்க மக சாவுல யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிடலாம். அடக்கம் முடிந்ததும் அவன் வேறெங்கே போவான், இவள் வீட்டுக்குத்தான் வருவான். தின்னாமல் கிடக்காதே என்று இவளும் தட்டை வைத்துச் சோறு போடுவாள். போடமாட்டேன் என்று நிச்சயமாகச் சொல்ல அவளால் முடியாது. போட்டுவிடுவாள். அதை நினைத்தபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"இருக்கும்மா. ரெண்டு பேரு மேல."

ஆர்.டி.ஓ. நிமிர்ந்தார்.

"புருசன் மாரிக்கண்ணன். எந்தம்பி. திரி மடியில இருந்துச்சுங்கான், வெந்தது முதுகும்மா. கையப் பாருங்க, முகத்தப் பாருங்க."

"இன்னொருத்தர்?"

"இருளம்மாள். மூணு தடவ தப்பிச்சு வந்தவள பஸ் ஏத்திக் கொண்டுபோய் விட்டது நாந்தான். எழுதிக்கோங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா" என்று ஆர்.டி.ஓ. மெதுவாகச் சொன்னார். பிறகு வாசலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் வெளியே போனார். டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"யக்கா! யக்கா, இங்க வாக்கா!"

முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் குரலுக்கு எழுந்து ஓடிய கால்கள். இருளம்மாள் பாதி எழுந்தேவிட்டாள். ஆர்.டி.ஓ.வின் மேஜை விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, அந்தச் சத்தம் நடைவழியில் தூரமாகப் போகப் போக, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அப்படியே இருந்தாள்.