டிங்கரின் மார்பளவு

பத்து மணிக்கு நரியைத் துரத்திப் பாறை இடுக்குக்குள் போன டிங்கரின் குரைப்பு பதினொன்றரைக்கு நின்றுபோயிற்று. அது நின்று அரை மணி நேரம் கழித்துத்தான் எட்னா மொஸாப் தேநீர்த் தூக்கோடு மலையேறி வந்து சேர்ந்தாள். நனைந்த பாவாடை முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பதினோரு ஆண்கள் பாறைக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்கள். கடப்பாரைகள் எல்லாம் தரையில் கிடந்தன. அவள் தூக்கைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்ன, எல்லாரும் சும்மா உக்காந்திருக்கீங்க?"

"உள்ள நரியம்மாவும் உன் டிங்கரும் ஏதோ பேசிட்டிருக்காங்க. முடிச்சிட்டு வரட்டும்னு இருக்கோம்," என்றான் கல்குவாரி ஐசக்.

நாலு பேர் சிரித்தார்கள். அவள் புருஷன் ஹார்ட்லி சிரிக்கவில்லை. அவன் வாயிலிருந்த பைப் அணைந்து வெகு நேரமாகியிருந்தது, அது அவனுக்கே தெரியவில்லை.

வேட்டைத் தலைவர் லான்ட்டி பிரன்ஸ்கில் குவளையை நீட்டினார். "பயப்படாத எட்னா. கை சேர்ற நாய் கல்லுல சிக்காது. நரி மூலையில ஒதுங்கியிருக்கும், இவன் எதிர்ல நின்னு முறைச்சிட்டிருப்பான். இப்பப் போய் கல்லைப் புரட்டினா மேல இருக்கிறதெல்லாம் சரிஞ்சு அவன் தலையிலதான் விழும். கை சேராத நாய்னா அது வேற கதை. மூச்சு முட்டறதுக்குள்ள தோண்டியாகணும். உன் புருஷன் நாய்க்கு அந்தக் கவலை இல்லையே."

எட்னா தேநீரை ஊற்றினாள்.

முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கையையும் வைத்து நாயின் மார்பை வளைத்துப் பிடிக்க வேண்டும். மேலே கட்டைவிரலும் கட்டைவிரலும் தொட வேண்டும், கீழே விரல் நுனிகள் தொட வேண்டும். அதுதான் கை சேர்வது. பதினாலு அங்குலம். நரியின் மார்பும் அவ்வளவுதான். அதனால் நரி நுழைகிற இடத்தில் அந்த நாயும் நுழையும், திரும்பியும் வரும். நாயை வளர்த்தவன் "கை சேருது" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அதற்கப்புறம் வேறொருவன் அந்த நாயின் விலாவில் கைவைத்துப் பார்த்தால் சொந்தக்காரனைக் கன்னத்தில் அறைந்த மாதிரி. இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். பெரிய மானஸ்தர்கள்!

ஹார்ட்லி அந்த வார்த்தையைப் போன நவம்பரில், சாராயக்கடையில், எல்லார் முன்னாலும் லான்ட்டியிடம் சொன்னான். பொய் சொல்லவில்லை. டிங்கருக்கு அப்போது பத்து மாதம், கை சேர்ந்தது. லான்ட்டியின் வேட்டைக்கு நாய் கொடுப்பது என்றால் சும்மாவா? மூன்று தலைமுறையாக மொஸாப் வீட்டுக்குக் கிடைக்காத பெருமை. எட்னா அப்போதே சொன்னாள், கூடப் பிறந்த மிட்ஜைக் கொடு, அவள்தான் சரியான அளவு என்று.

"அந்தச் சுண்டெலியையா? நரி ஒரே கடியில மூஞ்சியக் கிழிச்சிடும். கடைசியில பாதி வழியில திரும்பி வந்து நிப்பா. ஊரே சிரிக்கும்," என்றான்.

அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ரொம்பச் சின்ன நாயும் உள்ளே நிற்க முடியாது. ஆனால் டிங்கர் குளிர்காலம் முழுக்க ஓட்ஸ் கஞ்சியும் ஆட்டுக் கொழுப்புமாகத் தின்று வளர்ந்தான். உயரம் கூடவில்லை, விலாதான் பீப்பாய் மாதிரி விரிந்தது. போன ஞாயிறு அவள் கம்பளி நூலைச் சுற்றி அளந்து பார்த்தாள். பதினைந்தரை.

"கம்பளி இழுபடும்," என்று சொல்லிவிட்டு ஹார்ட்லி பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து மாட்டுக்கொட்டகை ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். அவன் மண்டி போட்டு டிங்கரின் மார்பைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு விரல் இடைவெளி. உள்ளே வந்து பேசாமல் சாப்பிட்டான். இன்று விடியற்காலை, ஒன்பதாவது ஆட்டுக்குட்டியையும் நரி கொண்டுபோனதும், லான்ட்டி ஆளனுப்பினார். ஹார்ட்லி டிங்கரைத்தான் கூட்டிக்கொண்டு போனான்.

எட்னா அவனைச் சட்டைக் கையைப் பிடித்து ஒரு சுவருக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"சொல்லிட்டியா?"

"என்னத்தை?"

"என்கிட்ட நடிக்காத ஹார்ட்லி. அவன் சிக்கிட்டான். உனக்குத் தெரியும்."

"தெரியாது. யாருக்கும் தெரியாது. போன மாசம் இன்னொரு நாய் மூணு மணி நேரம் சத்தமே போடாம உள்ள இருந்துட்டு வந்துச்சு."

"அந்த நாய்க்குக் கை சேர்ந்துச்சு!"

"மெதுவாப் பேசு." அவன் முகம் வெளுத்திருந்தது. "நான் இப்பப் போய் சொன்னா, நவம்பர்லேருந்து பொய் சொன்னேன்னுதானே நினைப்பாங்க? அந்தாளு தேநீர் குடிச்சு முடிக்கட்டும். சொல்றேன். சத்தியமாச் சொல்றேன்."

அவள் விட்டாள். ஏன் விட்டாள் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே திட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனுஷனைப் பத்துப் பேர் முன்னால் பொய்யனாக்க யாருக்கு வாய் வரும்?

லான்ட்டி தேநீரைக் குடித்து முடித்தார். இன்னொரு குவளை கேட்டார். ஹார்ட்லி ஈரப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை வலுத்தது. பாறைகளுக்கு அடியில் ஓடும் ஓடை காலையில் கேட்கவே இல்லை, இப்போது களகளவென்று கேட்டது. ஐசக் கல்லில் காதை வைத்துப் படுத்தான்.

"தண்ணி ஏறுது," என்றான். அவன் குரலில் கேலி இல்லை. "ஏதோ முனகற மாதிரியும் இருக்கு."

"நரியா, நாயா?"

"தெரியல லான்ட்டி."

எட்னா ஹார்ட்லியைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. பாழாய்ப்போன மனுஷா, வாயைத் திறடா! அவன் திறக்கவில்லை.

"பதினஞ்சரை அங்குலம்," என்றாள் எட்னா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஞாயித்துக்கிழமை நானே அளந்தேன். அவனுக்குக் கை சேராது. அவன் சிக்கிட்டான் லான்ட்டி, தோண்டுங்க!"

ஒருவரும் அசையவில்லை. லான்ட்டி அவளைப் பார்க்கவில்லை, அவள் புருஷனைப் பார்த்தார். அளவைச் சொல்ல வேண்டியவன் அவன்தான். கல்லைப் புரட்டலாமா கூடாதா என்பதும் அவன் வாயில்தான் இருந்தது.

"ஹார்ட்லி. உன் நாய்க்குக் கை சேருமா?"

ஹார்ட்லி எழுந்தான். நடந்து போய், பாறைக் குவியலின் முகப்பில் மண்டியிட்டு, வெறுங்கையால் முதல் கல்லைப் பிடித்து இழுத்தான். நகம் பெயர்ந்தது. அடுத்த கல்லைப் பிடித்தான்.

"கடப்பாரை!" என்று கத்தினார் லான்ட்டி.

ஐசக் எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்று தட்டித் தட்டிச் சொன்னான், மற்றவர்கள் கைமாற்றிக் கைமாற்றி எடுத்தார்கள். நடுவில் நரி மறுபக்கமாகப் பாய்ந்து வெளியேறிச் சரிவில் ஓடியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எட்னா பாவாடை மடியில் சின்னக் கற்களை அள்ளி அள்ளிக் கொட்டினாள். கடவுளே, கடவுளே என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

இரண்டு மணிக்கு ஐசக்கின் கை ஒரு வாலைத் தொட்டது. இரண்டு பாறைகளுக்கு நடுவே மார்பு இறுகி, முன்பக்கம் கீழே தொங்க, தண்ணீர் தாடைவரை ஏறிவிட்ட நிலையில் டிங்கர் இருந்தான். கடப்பாரையை நுழைத்து மூன்று பேர் தொங்கினார்கள். பாறை ஒரு விரலளவு விலகியது. ஐசக் பின்னங்கால்களைப் பிடித்து உருவி எடுத்துப் புல்லில் போட்டான்.

விலாவில் தோல் இரண்டு பக்கமும் உரிந்திருந்தது. அசைவில்லை. லான்ட்டி குப்புறப் பிடித்து உலுக்கினார், தேய்த்தார். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு ஒரு தும்மல். எட்னா சத்தம் போட்டு அழுதேவிட்டாள். கோட்டைக் கழற்றி விரித்து, "வாடா, என் ராசா, இங்க வா," என்று கையை நீட்டினாள்.

டிங்கர் எழுந்திருக்கப் பார்த்தான், விழுந்தான், மறுபடி எழுந்தான். அவள் கோட்டைத் தாண்டிப் போனான். வயிறு தரையில் இழுபட நகர்ந்து, தனியாக நின்றுகொண்டிருந்த ஹார்ட்லியின் காலடிக்குப் போய், ரத்தம் வழியும் அந்த விரல்களை நக்க ஆரம்பித்தான். வால் லேசாக ஆடியது.

ஹார்ட்லி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"வேணாண்டா," என்றான். "என்கிட்ட வராத. அவகிட்டப் போ." லான்ட்டி பக்கம் திரும்பினான். "சேரல லான்ட்டி. எனக்கு முன்னாடியே தெரியும்."

டிங்கர் இன்னும் கொஞ்சம் நகர்ந்து அவன் பூட்ஸ்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான்.