அடுத்த ஆள்

சட்டையின் இடது கையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் தேய்த்தாள். அதில் தேய்ப்பதற்குச் சுருக்கம் எதுவும் மிச்சமில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் காலமெல்லாம் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டியவளுக்கு அது தெரியாமலில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தால் ஹாலுக்குப் போக வேண்டும். ஹாலில் அவள் கணவர் கழுத்துவரை போர்த்திக் கிடந்தார்.

"அக்கா, சட்டையக் குடு. போட்டுவிட்ரலாம். வண்டி கிளம்பிடுச்சாம்." அவள் தம்பி அறை வாசலில் நின்றான்.

"இரு."

"தீஞ்சிடப் போகுதுக்கா."

"தீயட்டும்."

அவன் போகாமல் நின்றான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "படி ரொம்பக் குறுகல். ரெண்டு மாடி. நாலு பேர் பக்கவாட்டுலதான் இறங்கணும். ஊர் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பண்ண மனுஷன், கடைசில..."

"குடியிருக்கிற கட்டடத்துல லிஃப்ட் இல்லைன்னு அவருக்கே ஒரு சிரிப்பு. நீ வேற ஆரம்பிக்காத."

சட்டையை அவன் கையில் திணித்தாள். அழுகை வரவில்லை. நேற்றுக் காலையிலிருந்தே வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல ஒரு வெறி. முதலில் அவரைத்தான். நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்த அன்றே எவ்வளவு கெஞ்சினாள்! நம்ம ஆஸ்பத்திரிதானே, நான் சொன்னா உடனே பாப்பாங்க, வாங்க. மனுஷன் சிரித்தார். "பள்ளிக்கூட லீவு முடியட்டும். இப்ப போனா முதலாளி திட்டுவா."

முதலாளி என்பது ஒரு பன்னிரண்டு வயதுப் பெண். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் துணை தேவை, சம்பளம் கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்று பள்ளிக்கூடத்துக் கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு இவர் போய்ப் பெயர் கொடுத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருக்கிற மின்விசிறிகளையெல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவர் வெளியே போனதில் அவளுக்கும் நிம்மதிதான். முதல் நாளே இவர் கண் அசந்துவிட, அந்தப் பெண் புத்தகத்தால் இவர் முழங்காலில் தட்டியதாம். "தூங்குறதுன்னா வீட்டுலயே தூங்குங்க." அன்றிலிருந்து முதலாளி.

"எந்த ஊர்ல முதலாளி சம்பளம் தராம வேலை வாங்குறா?" என்று இவள் கேட்பாள்.

வகுப்பறையைத் திறந்துவிட ஆளில்லை என்று பள்ளிக்கூடத்தில் கைவிரித்துவிட்டார்கள். மாடிப்படித் திருப்பத்தில், வெக்கையில், ஒரு படியில் அவர், ஒரு படியில் அந்தப் பெண். அதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னார். "வகுப்புல அது வாசிக்க எந்திரிச்சு ஒரு எழுத்துல தடுமாறினா, 'அடுத்த ஆள்'னு சொல்லிடுவாங்களாம். வருஷம் பூரா அது ரெண்டு வரி தாண்டினதில்ல."

அந்தப் பெண் தானே வாசிக்கும்வரை காத்திருந்து பழகியது வீட்டிலும் அவருக்குத் தொற்றிக்கொண்டது. இவள் ஏதோ சொல்ல வந்து, "அந்த... அது என்னது... அந்த..." என்று தேடும்போது எடுத்துக் கொடுக்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "வாயத் திறந்து சொன்னாத்தான் என்ன?" என்று எரிந்து விழுவாள். "உனக்கே வரும். நாம முடிச்சு வைக்கக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துப் பயிற்சில சொன்னாங்க." அப்போதும் கோபம்தான் வந்தது.

நேற்றுக் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பக் குனிந்து செருப்பின் வாரை மாட்டியவர் நிமிரவில்லை. இவள் வேலையில் இருந்தாள். கீழ்வீட்டுக்காரர்தான் பார்த்தார்.

ஹாலுக்கு வந்தபோது சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். சுவரோரம் நாற்காலிகளில் நாலைந்து பேர். அவர்களில் ஒருத்தி மடியில் மலர்வளையத்தை வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்தாள்.

"நான் பள்ளிக்கூடத்துல இருந்து வர்றேங்கம்மா. வாசிப்புத் திட்டத்தப் பாத்துக்கிற டீச்சர். உங்க தம்பி நேத்தே ஃபோன்ல சொன்னாரு. மனசே கேக்கல. இந்த மாதிரி நல்ல மனுஷர்..."

"உக்காருங்க."

டீச்சர் உட்கார்ந்தாள். பிறகு டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப கேக்கக் கூடாதுதான். பள்ளிக்கூடத்துப் புத்தகம் ரெண்டு மூணு அவர்கிட்ட இருக்கு. அவசரமில்ல. பின்னால யார்கிட்டயாவது..."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அக்காவின் முகம் அவனுக்குத் தெரியும்.

அவள் பதில் சொல்வதற்குள் வெளியே படியில் திடுதிடுவென்று காலடிச் சத்தம் கேட்டது. திறந்திருந்த கதவில் ஒரு சிறுமி வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை. அக்குளில் இடுக்கிய புத்தகம். நேரே இவளைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"லிஃப்ட் தாத்தா வீடுதானே? நேத்தும் வரல, இன்னைக்கும் வரல. எவ்வளவு நேரம் படியிலயே உக்காந்திருக்கிறது? வரலைன்னா சொல்ல மாட்டாங்களா?"

"செத்துப்போனவர் எப்படிடி சொல்லுவார்?"

அவள் வாயிலிருந்து அது அப்படித்தான் வந்தது. சிறுமியின் கண்கள் நாற்காலிகளைத் தாண்டிப் போயின. தேய்த்த சட்டையும், சீவிய தலையும். பார்த்துக்கொண்டே நின்றாள். அக்குளில் இருந்த புத்தகம் நழுவி இறங்க, கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டாள். "நீ இங்க வரலாமா பாப்பா? வீட்டுக்குப் போ. பள்ளிக்கூடம் திறந்ததும் பாத்துக்கலாம்."

சிறுமி தோளை விலக்கிக்கொண்டாள். "நீங்க பாக்க மாட்டீங்க. அடுத்த ஆள்னு சொல்லுவீங்க."

இவள் டீச்சரின் பக்கம் திரும்பினாள்.

"ஓ!" என்றாள் அவள். "நீங்கதானா அது?"

"என்னம்மா?"

"இந்தப் பிள்ளைகிட்ட ஏன் சொல்லல? நேத்தே உங்களுக்குத் தெரியும். ரெண்டு நாளா வெக்கையில உக்காந்திருக்கு."

"லீவுல எல்லார் வீட்டு நம்பரும் என்கிட்ட இல்லம்மா..."

"என் வீட்டுக்கு வழி தெரிஞ்சுது. புத்தகம் இருக்கிறது தெரிஞ்சுது."

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "நாப்பத்தஞ்சு பேரும்மா ஒரு வகுப்புல. ஒவ்வொருத்தர் தடுமாறுறப்பவும் நின்னா மணியடிச்சிடும். நானும் மனுஷிதானே? இந்த லீவு வேலைக்கு எனக்கும் யாரும் சம்பளம் தரல."

அது பொய்யில்லை என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் இரட்டிப்பானது. திட்டிக் கழிப்பதற்கு ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை.

"சரி. இப்ப இங்க ஒரே ஒரு ஆள்தான். உக்காருங்க."

"அக்கா..." என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. உக்காருங்க டீச்சர். வந்த வேலை புத்தகம்தானே? பிள்ளை வாசிக்கிறதக் கேட்டுட்டு வாங்கிட்டுப் போங்க." சிறுமியிடம் திரும்பினாள். "எங்க விட்டே?"

சிறுமி அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "இங்கயா?"

"பின்ன எங்க?"

ஒரு நாற்காலியை இழுத்து அவர் தலைமாட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். சிறுமி அதில் உட்காரவில்லை. கீழே தரையில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்தாள். அட்டையில் ஒரு லாரி. லாரிக்கு மேலே நீண்ட கழுத்து. டீச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லாரி... மெ, மெதுவாகப் போனது." விரல் எழுத்துக்களின் கீழே ஊர்ந்தது. "ஒட்டகச்சிவிங்கிக்கு எல்லாம்... வே, வே..."

"வேடிக்கை," என்றாள் டீச்சர்.

"நீங்க சொல்லாதீங்க!"

சிறுமி போட்ட சத்தத்தில் கதவோரம் நின்றிருந்த கீழ்வீட்டுக்காரர் ஓரடி பின்னால் போனார். டீச்சர் வாயை மூடிக்கொண்டாள். சிறுமி மறுபடியும் அந்த வரியின் தொடக்கத்துக்கு விரலைக் கொண்டுபோனாள்.

"ஒட்டகச்சிவிங்கிக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது. முன்னால் ஒரு... பாலம் வந்தது. டிரைவர் இறங்கி, 'கொஞ்சம் குனி, ராசா' என்றான்."

நாற்காலிகளில் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அது குனியவில்லை. சுற்றிலும் பார்த்தது. டிரைவர் ஒரு வாழை... வாழைப்பழத்தைக் கீழே பிடித்தான்."

டீச்சர் சிறுமியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. ஒருமுறை, மறுமுறை, பிறகு அசையவில்லை. மலர்வளையம் அவள் மடியிலிருந்து சரிந்து தரையில் இறங்கியிருந்தது.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டேயிருக்க, வண்டிக்காரர் படியேறி வந்தார். "கிளம்பலாங்களா? தெருவுல வண்டிய ரொம்ப நேரம் நிறுத்த முடியா..."

தம்பி உதட்டில் விரலை வைத்தான். வண்டிக்காரர் படுத்திருந்தவரையும், தரையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளையையும், இடுப்பில் கைவைத்துக் காவல்போல நின்றிருந்த அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிறுமி ஒரு நீளமான சொல்லில் மாட்டியிருந்தாள். "சு... சுர... சுரங்..." நெற்றியில் வேர்வை இறங்கியது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

வண்டிக்காரர் சத்தமில்லாமல் திரும்பிப் படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழே இன்ஜின் நின்றது.