தனிக் கார்ட் இல்லாத மடிக்கணினி

என் மனைவியின் தம்பி சாந்தன் லண்டனிலிருந்து வந்த இரண்டாம் நாள், எங்கள் வெள்ளவத்தை வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, என் மகள் சுபோதினியின் மடிக்கணினியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார்.

"அத்தான், இதில தனியா கிராபிக்ஸ் கார்ட் இல்லை. ப்ரொசெசருக்குள்ள இருக்கிறதை வச்சுத்தான் ஓடுது. கடிதம் அடிக்கலாம். கார் ரேஸ் கேமுக்குச் சரிவராது."

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அன்று பின்னேரமே, நாற்பத்துமூன்று பேர் உள்ள எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில், "அத்தான் பிள்ளைக்கு வாங்கிக் குடுத்தது டைப்ரைட்டர்" என்று குரல் பதிவு போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கணினி, அவள் பல்கலைக்கழகம் போனபோது நானே விசாரித்துத் தெரிந்து வாங்கியது. என் தெரிவைப் பகிடி பண்ண நான் இடம் கொடுத்ததில்லை. "ஞாயிற்றுக்கிழமை வாரும். நீர் சொல்லும் கார் ரேஸ் இதிலேயே ஓடும்" என்று குழுவில் எழுதினேன்.

சுபோதினி அதை வாசித்துவிட்டு அறையிலிருந்து வந்தாள்.

"என்னைக் கேக்காமல் ஏனப்பா போட்டனீங்கள்? முதல் பத்து நிமிசம் ஓடும். பிறகு தள்ளுவண்டிதான்."

"ஏன்?"

"சூடாகுது."

"ஏன் சூடாகுது?"

அவள் கணினியைத் திருப்பிப் பிடித்தாள். அடியில் நான் ஒட்டிய கண்ணாடித்தாள் மினுங்கியது. ஒவ்வொரு தை மாதமும் அவளுடைய பாடசாலைக் கொப்பிகளுக்கு உறை போட்டது நான்தான். அதே கவனத்தோடு இதற்கும் போட்டிருந்தேன். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் பழகிய கை, மூலைகள் பிசகவில்லை. காற்றுத் துளைகளையும் சேர்த்து மூடியிருந்தேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான். சாமான் பாவிக்கத் தெரியாத பிள்ளை எண்டு ஏசினீங்கள்."

ஏசியது உண்மை. நானே நகத்தால் கிளப்பி உரித்தேன்.

அடுத்ததாக அவள் அடிமூடியைக் கழற்றி, வெறுமையாய் இருந்த ஓர் இடத்தைக் காட்டினாள்.

"இந்தக் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் இல்லை. கணினியின்ர நினைவகத்தை, ரெம்மைத்தான் பாவிக்கும். இப்ப ஒரு துண்டு, ஒரு பாதை. இன்னொண்டு போட்டால் ரெண்டு பாதை, வேகம் கூடும்."

மறுநாள் பம்பலப்பிட்டியில் ஒரு கணினிக் கடைக்குப் போய் அதே அளவில் இன்னொரு ரெம் துண்டு வாங்கினோம். அவள் விளையாட்டின் நிழல்களைக் குறைத்து, படத்தின் அளவையும் ஒரு படி இறக்கினாள். செக்கனுக்கு எத்தனை படம் வருகிறது என்பது திரையின் மூலையில் தெரியும். தாளோடு பதினெட்டு, உரித்த பிறகு முப்பத்துமூன்று. சனிக்கிழமை ஐம்பத்தொன்றில் நின்றது.

ஞாயிறு சாந்தன் வந்தார். விளையாட்டில் மழை பெய்யும் பாதையைத் தெரிந்தெடுத்து, சுபோதினியை ஓட்டச் சொன்னார். அதுதான் கணினியை அதிகம் வருத்துமாம்.

"ஐம்பது காட்டுது. பொறுங்கோ, சூடாகட்டும்."

"எவ்வளவு நேரமும் இருங்கோ மாமா. தேத்தண்ணி வேணுமோ?" என்றாள் சுபோதினி.

அரை மணித்தியாலம் கழித்தும் நாற்பத்தொன்பது. அவர் விட்டபாடில்லை. தன் போனில் மிகத் துல்லியமாக எடுத்த ஃபோர்கே வீடியோவைக் கணினியில் போட்டு, முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். ஓர் இடத்திலும் படம் தடைப்படவில்லை. பிறகு தானே ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தார். எழும்பும்போது முகத்தில் பகிடி இல்லை.

"உண்மையா ஓடுது, அத்தான்."

"எனக்குச் சொல்ல வேண்டாம். நாப்பத்துமூண்டு பேருக்கெல்லோ சொன்னனீர்."

"அது சும்மா பகிடிக்கு."

"பகிடியைக் கேட்டவை இதையும் கேக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. சாந்தன் போனை எடுத்து, "அத்தான்ர லப்டொப் நல்லா ஓடுது. நான் சொன்னது பிழை" என்று பதிவு செய்து அனுப்பினார்.

அதன் கீழே நானும் எழுதினேன்: "தாளை ஒட்டிக் கெடுத்தது நான். திருத்தியது என் மகள் சுபோதினி." வீட்டு மானத்தைக் காப்பாற்றியவளின் பெயர் அங்கே இருக்க வேண்டும்.

பதில்கள் மளமளவென்று வந்தன. நான் வாசிக்கவில்லை. அந்தப் பாதையை ஓடி முடிக்கச் சாந்தன் எடுத்த நேரத்தைச் சுபோதினி மூன்றாவது தடவையாக முறியடித்துக்கொண்டிருந்தாள். கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுப் பார்த்தேன்.